அரிகு

ஏழாம் மாதத்தில் அவள் கும்பிட ஆரம்பித்தாள்.
தூங்கி எழுந்ததும் தலை முன்னே கவிழும்
இரண்டு கையும் விரிந்து, பிறகு சேரும்
ஐந்து, பத்து, சில நாள் முப்பது தடவை.
வந்தவர்கள் சிரித்தார்கள்.
“பாப்பா இப்பவே தோத்திரம் சொல்லுது பாருங்க.”
சூசை போனில் படம் பிடித்தான்.
அந்தப் படத்தைத்தான் பாலக்காட்டு டாக்டரிடம் காட்டினோம்.
அவர் சிரிக்கவில்லை.
எங்கள் சிரிப்புச் சத்தத்தை நிறுத்திவிட்டு
இன்னொரு முறை பார்த்தார்.

உறையைக் கிழித்து, பொடியைக் கரைத்து
ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து
கன்னத்தின் உட்புறமாக, மெல்ல.
காலை ஆறு. ராத்திரி எட்டு.
பதினோராம் நாள் கும்பிடு நின்றது.
அன்றைக்கு வேலந்தாவளம் சந்தையில்
தக்காளி கிலோ மூன்று ரூபாய்
வண்டியோடு கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.
எடைத் தட்டைப் பிடித்தபடி நான் அழுதேன்.
விலைக்கு அழுகிறேன் என்று நினைத்து
கமிஷன் கடைக்காரர் இருநூறு ரூபாய் தந்தார்.
வாங்கிக்கொண்டேன்.

முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார் டாக்டர்:
“கண்ணின்றெ அரிகு போகாம். சிலர்க்கு.”
எனக்கு அருகு என்று கேட்டது.
கொழிஞ்சாம்பாறையில் இது பெரிய விஷயமில்லை,
ஒரு பாஷையில் டிக்கெட் எடுத்து
இன்னொரு பாஷையில் சில்லறை கேட்கிறவர்கள் நாங்கள்.
பக்கத்தில் இருப்பது தெரியாமல் போகுமாம்,
கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று
தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

விளிம்பு.
அது புரிய நாலு வருஷம்.

நிலைப்படியில் இடித்த தோள்.
எதிர்வீட்டு ஆடு உரசிப் போனதும்
பேயைக் கண்டதுபோல் அலறல்.
இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பு
தினமும் கவிழும்.
“கண்ண எங்கடி வெச்சிருக்க?”
கேட்டிருக்கிறேன். பலமுறை.
ஜெனிஷா இரண்டு விரலால்
இரண்டு கண்ணையும் தொட்டுக் காட்டினாள்,
சரியாக.

குச்சி முனையில் வெள்ளைப் பந்து.
“என் மூக்கையே பார், பந்து வந்தால் சொல்” என்றார்.
வீட்டில் அதையே வெண்டைக்காயால் செய்கிறேன்.
பின்னாலிருந்து கொண்டுவருகிறேன்.
காது தாண்டுகிறது. இப்ப?
இல்ல.
பொட்டு மேடு தாண்டுகிறது. இப்ப?
இல்லம்மா.
புருவத்தின் முனை.
வெண்டக்கா!
ஒருநாள் கையில் ஒன்றும் இல்லை.
“தெரியுது” என்றாள்.
என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.
முகம் நடுவில்தானே இருக்கிறது.

போனது திரும்பாது.
நிறுத்தினால் இனிப் போகாமல் இருக்கலாம்.
நிறுத்தினால் கும்பிடு திரும்பலாம்.
இந்த மூன்று வரியையும் டாக்டர்
சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார், தமிழில்,
எழுத்துக் கூட்டி.
சூசை நிறுத்திவிடலாம் என்கிறான்.
மறுநாள் வேண்டாம் என்கிறான்.
நானும் அப்படித்தான்,
ஆனால் அவன் மாறும் நாளில் மாறுவதில்லை,
அதனால் சண்டை.

அவளுக்குக் கடைக்கண் கிடையாது.
ஓணான், உண்டியல், திட்டுகிற டீச்சர்
எதையும் முழுத்தலை திருப்பி
நேருக்கு நேர்தான் பார்ப்பாள்.
திமிர் என்கிறார்கள் பள்ளியில்.

நேற்று எட்டு மணி.
மருந்தைக் கரைத்து எடுத்துவந்து
அவள் வலப்பக்கம் உட்கார்ந்தேன், ஒரு சாண் தள்ளி.
“அம்மா” என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.
நான் பேசவில்லை.
எதற்கு என்று தெரியவில்லை, பேசவில்லை.
“அம்மா, மணி ஆச்சு.”
சிரிஞ்சின் நுனியில் ஒரு துளி சேர்ந்து
என் பாவாடையில் விழுந்தது.
எழுந்து சுற்றிப் போய்
அவள் முன்னால் உட்கார்ந்தேன்.
“வந்துட்டியா” என்று
வாயைத் திறந்தாள்.